தொடாமல் விட்ட முளை

எல்லாரும் மேலே ஏறி வருகிற நேரத்தில் அவள் கீழே இறங்குவாள். வேலையே அப்படி. லோடர் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தால் பாறை அதிரும். பாறை அதிர்ந்தால் அளவுகோலின் முள் ஓரிடத்தில் நிற்காது. ஆகவே ஒரு ஷிஃப்ட் ஆட்கள் வெளியே வந்து அடுத்த ஷிஃப்ட் உள்ளே போவதற்கு நடுவில், சுரங்கம் மூச்சுக் காட்டாமல் கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வந்து நிற்கும். புழுதி அப்பிய முகங்களோடு ஆட்கள் தபதபவென்று வெளியே வருவார்கள். காலியான கூண்டுக்குள் ஏணியும் கோலுமாக அவள் ஒருத்தி ஏறுவாள். இத்தனை பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஒருத்திக்குப் பேச்சுத்துணை கிடைக்காமல் செய்ய வேண்டுமென்று யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல ஏற்பாடு தோன்றியிருக்காது.

வேலையையும் சொல்லிவிடலாம், அதில் ஒன்றும் ரகசியமில்லை. பூமிக்கடியில் தாதுப் பாறையைக் குடையும்போது எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட முடியாது. இடையிடையே பாறையைத் தூண்களாக விட்டுவிட்டுத்தான் குடைய வேண்டும். மேலே இருக்கிற அத்தனை பாரத்தையும் அந்தத் தூண்கள்தான் தாங்குகின்றன. தூணைப் பருமனாக விட்டால் பயமில்லை, ஆனால் பாதித் தாது தூணுக்குள்ளேயே போய்விடும். ஒல்லியாக விட்டால் தாது கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டான். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று முடிவு செய்ய மேலே டிசைன் இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். அவர் கோடு போடுவதற்கு ஆதாரம், இவள் கீழே போய் எடுத்துவரும் அளவு.

கூரையில் துளையிட்டு அதில் ஓர் இரும்பு முளையைப் பசை வைத்து இறுக்குவாள். அதற்கு நேர் கீழே தரையில் இன்னொரு முளை. இரண்டுக்கும் நடுவே நீட்டி மடக்கும் கோலைப் பொருத்தினால், இடைவெளி எவ்வளவு என்று மில்லிமீட்டர் கணக்கில் முள் சொல்லிவிடும். போன வாரத்தைவிட இடைவெளி குறைந்திருந்தால் கூரை இறங்குகிறது என்று பொருள். நாள் முழுக்க இந்த மில்லிக் கணக்கிலேயே புழங்கியதால் மேலே வந்த பிறகும் அந்தப் பேச்சு அவளை விடாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம், "ஒரு பத்து மில்லி தள்ளி உக்காருங்க" என்பாள். அதிலிருந்து சுரங்கத்தில் அவளுக்கு மில்லியக்கா என்று பெயராகிவிட்டது. முதலில் செல்லமாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு அதே பெயரை வேறு மாதிரிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த முளைகளுக்கு ஒரே விரோதி லோடர். வாளியைத் தூக்கியபடி திரும்பும்போது கூரையில் உரசினால் முளை வளையும், அல்லது கழன்று தொங்கும். இடித்துவிட்டால் அதைத் தொடக்கூடாது, அப்படியே விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் சொன்னால் ஓட்டுநர் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால் இடித்தவன் எவனும் வாயைத் திறந்ததில்லை. அவளாகப் போய்ப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, புது முளை போடுவாள். சொல்லாமல் இருப்பதாவது புள்ளியோடு போகும். இடித்த முளையைத் தானே சரிசெய்து வைத்து அளவைக் கெடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். அதற்கு வேலையே போய்விடும்.

பேச்சுத்துணை அறவே இல்லை என்று சொன்னால் கூண்டுக்காரர் கோபித்துக்கொள்வார். மேலே இயந்திர அறையில் உட்கார்ந்து கூண்டை ஏற்றி இறக்குகிறவர் அவர். கீழே ஒற்றை ஆளாகப் போகிறவள் ஒவ்வொரு தூணை அளந்து முடித்ததும், அருகில் இருக்கும் தொலைபேசிப் பெட்டியிலிருந்து அவருக்குச் சொல்ல வேண்டும். அழைப்பு வராவிட்டால் அவர் சங்கை ஊதி ஆள் அனுப்ப வேண்டும். இத்தனை வருஷத்தில் அவருடைய பின்னந்தலையை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். குரல்தான் பழக்கம்.

"ஆறாவது தூண். நல்லாருக்கு" என்பாள் இவள்.

"ரெண்டாவது முட்டை. அதுவும் நல்லாருக்கு" என்பார் அவர்.

அடுத்த தூணுக்கு ரொட்டி, அதற்கடுத்ததற்கு உருளைக்கிழங்கு என்று அவருடைய சாப்பாடு முழுவதும் அவள் காது வழியாகத்தான் உள்ளே போகும். அவர் சொல்கிறதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த தூணுக்கு நடப்பாள். சிரிப்பு இருட்டில் கொஞ்ச தூரம் கூடவே வரும்.

வீட்டில் அதுவும் இல்லை. ஓர் அறை, ஒரு சமையலறை, சுவரோரமாக ஒரு மேசை. அப்பா அம்மா இருந்த காலத்து மேசை அது. அதற்கு ஒரு கால் குட்டை. அவளும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து படித்த நாளில், இவள் எழுதினால் அவன் நோட்டு ஆடும், அவன் எழுதினால் இவள் நோட்டு ஆடும். தினமும் சண்டை. ஒருநாள் அவன் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, மூன்றாக மடித்து, நூலால் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே கட்டி, அந்தக் காலுக்கு அடியில் செருகினான். ஆட்டம் நின்றது. அதன்பிறகு வீட்டில் எது ஆடினாலும் அவனுக்கு அதுதான் வைத்தியம். கதவு, பீரோ, அம்மாவின் தையல் மிஷின், எதையும் விடவில்லை. மேசையடியில் அந்த ரப்பர் மடிப்பு இன்னும் இருக்கிறது. தம்பிதான் இல்லை.

இல்லை என்றால், நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறான். அதே சுரங்கத்தில் லோடர் ஓட்டுகிறான். கல்யாணமாகி ஒரு மகள். அந்தப் பெண் கடைத்தெருவில் எங்காவது பார்த்தால், "அத்தே!" என்று கை தூக்கும், தூக்கிய கையை அவள் அம்மா மெதுவாகப் பிடித்து இறக்கிவிடுவாள். இரண்டு வருஷமாகத் தம்பி இவளோடு பேசுவதில்லை. கூண்டு வாசலில் எதிரே வந்தால் செருப்புக் கடையில் செருப்பு பார்க்கிறவன் மாதிரி தரையைப் பார்த்தபடி போய்விடுவான்.

காரணம் எல்லாருக்கும் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இரண்டு வருஷம் முன்பு கிழக்குப் பகுதியில் ஒரு தூணருகே அவள் கோலைப் பொருத்தியபோது முள் குதித்தது. ஒரே வாரத்தில் ஒன்பது மில்லி. திரும்பத் திரும்ப அளந்தாள். ஒன்பதுதான். அன்றைக்குப் பார்த்து எங்கோ சில்லுச் சில்லாகக் கல் உதிரும் சத்தம் வேறு. அந்த நிலையில் ஏணி போட்டுக் கூரைக்குக் கீழே ஏறக்கூடாது. கீழிருந்தே அளந்துகொண்டு ஓடிவந்து சொன்னாள். அன்றைக்கே பகுதியை மூடினார்கள். வேறு இடத்தில் வேலை தயாராகும் வரை, மாதக்கணக்கில் ஆட்கள் அரைச் சம்பளத்தில் வீட்டில் உட்கார்ந்தார்கள். சிலர் பொறுக்க முடியாமல் ஊரைவிட்டே போனார்கள். கூண்டுக்காரரின் மருமகனும் அப்படிப் போனவன்தான். மகளையும் பேரனையும் அவர் அதன்பிறகு சரியாகப் பார்க்கவில்லை.

கூரை மட்டும் விழவில்லை. அந்த மாதம் விழவில்லை, அடுத்த மாதமும் விழவில்லை. "என்ன மில்லியக்கா, உங்க கூரை சௌக்கியமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் அருகே வந்தால் டீக்கடை பெஞ்சில் பேச்சு அடங்கும். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மூடிய பகுதியின் தடுப்பைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் நின்று காது கொடுத்துக் கேட்பாள். உள்ளேதான் யாரும் இல்லையே, விழுந்து தொலையேன் என்று மனதார வேண்டிக்கொள்வாள். கூரை விழாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், கூரை விழாதா என்று ஏங்கினாள். ஒருநாள் அதை உணர்ந்தபோது அவளுக்கே அவளைப் பிடிக்காமல் போயிற்று.

இந்த நிலையில்தான் டிசைன் இன்ஜினியர் கூப்பிட்டனுப்பினார். மெல்லிய குரல்காரர். பென்சிலைத் தவிர வேறு எதிலும் எழுத மாட்டார். எப்போது வேண்டுமானாலும் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிற மனிதர். மேற்கே புதுப் பகுதி திறக்கப் போகிறார்கள். அதற்குத் தூண் எவ்வளவு பருமன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. கிழக்குப் பகுதி அளவு எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுது. இந்த ஒரு முளை மட்டும் ஒத்துப்போகல. ஒன்பது மில்லி இறங்கியிருக்கு. பக்கத்துல இருக்கற முளைங்க இம்மி அசையல."

"கூரைப் பாறையில தனிப் பாளமா ஒண்ணு கழண்டிருக்கலாம் சார்."

"கழண்டிருந்தா இந்நேரம் விழுந்திருக்கணும்." பென்சிலை உருட்டினார். "உங்க மேல தப்புன்னு சொல்லல. இந்த ஒன்பது நிஜம்னா புதுப் பகுதியில தூண் ரெண்டு மடங்கு பருமனா விடணும். அப்படி விட்டா எடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் மிஞ்சாது, திறக்கறதே வீண். மறுபடி ஆளுங்க வீட்டுக்குப் போகணும். நிஜம் இல்லாம நான் பருமனா விட்டா அது ஒரு பாவம். நிஜமா இருந்து நான் மெலிசா விட்டா அது வேற பாவம். வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

தடுப்பை விலக்கி, காற்றைச் சோதித்து, அவர் முன்னால் கம்பியால் கூரையைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே நடந்தார். கெட்டியான சத்தம். கூரை என்னவோ நேற்றுக் கட்டியது போல நின்றது. அந்த முளைக்குக் கீழே அவள் ஏணியைப் போட்டு ஏறினாள். அவர் கீழே கோலின் அடியைத் தரை முளையில் பொருத்திப் பிடித்துக்கொண்டார்.

தலைவிளக்கு வெளிச்சத்தில் முளையைக் கிட்டத்தில் பார்த்தாள். தலைப்பக்கம் ஒரு கீறல். வாளி உரசிய கீறல். கையால் பிடித்து அசைத்தாள். அசைந்தது. பசை உடைந்து முளை கழன்றிருக்கிறது, யாரோ அதைத் திரும்பத் துளைக்குள் செருகியிருக்கிறார்கள். முழுசாக உள்ளே போகவில்லை. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு என்று கோல் வைத்துப் பார்க்க அவளுக்குத் தேவையே இல்லை. ஆடாமல் இருக்கட்டும் என்று துளைக்கும் முளைக்கும் நடுவில் எதையோ செருகியிருந்தார்கள். நகத்தால் நெம்பி எடுத்தாள்.

சைக்கிள் டியூப் துண்டு. மூன்றாக மடித்திருந்தது. குறுக்கே நூல் கட்டியிருந்தது.

முதலில் வந்தது ஆத்திரம்தான், அதை மறைப்பானேன். அடப்பாவி, ரெண்டு வருஷம்! ஊரே என்னைக் காறித் துப்பாத குறையாப் பார்த்தபோது, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? ஏணியின் மேல் நின்றபடி அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையிலிருப்பதைக் கீழே நிற்கிறவரிடம் கொடுத்தால் போதும். மில்லியக்கா மேல் தப்பே இல்லை என்று நாளைக் காலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரிந்த மறுநாள் தம்பிக்கு வேலை போய்விடும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அவன் கோபத்தில் முகத்தைத் திருப்பவில்லை. அரைச் சம்பளத்தில் உட்கார வைத்த கோபம் என்று இவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். புள்ளி விழுமே என்று பயந்து, அக்காவுக்கும் இன்னொரு முளை போடுகிற வேலை மிச்சம் என்று நினைத்து, வீட்டு மேசைக்குச் செய்வதுபோல மடித்துக் கட்டிச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். அது இவ்வளவு தூரம் வந்து நிற்கும் என்று அந்த மடையனுக்கு எங்கே தெரியப்போகிறது? தெரிந்தபோது பகுதியை மூடியாகிவிட்டது.

"என்னம்மா, ஏதாவது தெரியுதா?" கீழிருந்து குரல் வந்தது.

அவள் கையை மூடிக்கொண்டாள்.

"முளை லூசா இருக்கு சார். கூரை இறங்கல. முளைதான் இறங்கியிருக்கு." குரல் தானாக வந்தது. "நான்தான் சரியாப் போடல. பசை பத்தல போல. அந்த ஒன்பதை எடுத்துடுங்க."

இன்ஜினியரின் விளக்கு வெளிச்சம் அவள் மூடிய கையின் மேல் ஒருமுறை பட்டு நகர்ந்தது. "நிச்சயமா?" என்றார்.

"கூரை இறங்கலைங்கறது நிச்சயம் சார்."

அதில் பொய் இல்லை. மற்றதிலும் பாதிதான் பொய் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல் உதிர்வது நின்ற பிறகாவது ஏறிப் போய் முளையை ஒருமுறை அசைத்துப் பார்த்திருக்க வேண்டும். பகுதியை மூடியதும் எல்லாரையும்போல அவளும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

தூண்கள் நியாயமான பருமனில் வரையப்பட்டன. மேற்குப் பகுதி திறந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அதற்காக அவளுக்கு யாராவது மாலை போட்டார்களா என்றால், மாலையா? 'மில்லியக்கா முளையைச் சரியா வைக்காததாலதான் அன்னைக்கு நாம தெருவுல நின்னோம்' என்ற செய்தி, அவள் கூண்டிலிருந்து இறங்குவதற்குள் பஸ் நிறுத்தம் வரை போயிருந்தது. அதுவரை கேலி செய்தவர்கள் கேலியை நிறுத்தினார்கள். கேலிக்காவது நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். இப்போது அதுவும் இல்லை. வேலையிலிருந்து எடுக்கவில்லை; ஃபோர்மேன் மட்டும் அவள் போடுகிற ஒவ்வொரு முளையையும் வந்து அசைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போவார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். கூண்டுக்காரரைத்தான் தாங்க முடியவில்லை.

"நாலாவது தூண். நல்லாருக்கு."

"சரி."

அவ்வளவுதான். முட்டையும் இல்லை, ரொட்டியும் இல்லை. மருமகன் ஊரைவிட்டுப் போனதற்கு இவளுடைய கைத்தவறுதான் காரணம் என்றால் அவர் வேறு என்ன சொல்வார்? அடுத்த தூணுக்கும் சரி. அதற்கடுத்ததற்கும் சரி. தொலைபேசியை வைத்துவிட்டு அந்தப் பெட்டியின் அருகிலேயே கொஞ்ச நேரம் நிற்பாள். சுரங்கத்துக்குள் எங்கோ நீர் சொட்டும். தான் உயிரோடு இருப்பதை யாருக்கோ தெரிவிப்பது மட்டும்தான் இனிப் பேச்சு என்று அவளுக்குத் தோன்றும். சில நாள் அழுதாள். கீழே அழுவதில் ஒரு வசதி, மேலே வரும்போது எல்லார் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தம்பி வருவான் என்று எதிர்பார்த்தாள். முளையைப் போட்டது யார், கெடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியாதா? அக்கா பழியைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள் என்பது இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். சாயங்காலம் கதவைத் தாழிடாமல் வைத்தாள். இரண்டு பேருக்குச் சமைத்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பாள், மாடிவீட்டுக்காரராக இருக்கும். மிஞ்சிய சாப்பாட்டை மறுநாள் டப்பாவில் கட்டிக்கொண்டு போவாள். அந்த ரப்பர் துண்டைக் குப்பையில் போட்டாள். பிறகு எடுத்துக் கழுவி ஜன்னலில் வைத்தாள்.

அவன் வரவில்லை. கூண்டு வாசலில் முன்பைவிட வேகமாகத் தலையைக் குனிந்துகொண்டு போனான். முன்பு ஒரு வெட்கம். இப்போது இரண்டு வெட்கம். அவனைக் காப்பாற்றப் போய் அவனை இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தபோது மேற்குப் பகுதியில் வேலை மும்முரமாகியிருந்தது. போய்க் கேட்டுவிடலாமா என்று ஒருநாள் நான்கு தெருவும் நடந்து அவன் வீட்டு மூலை வரை போனாள். என்ன கேட்பது? ஏண்டா நன்றி சொல்லவில்லை என்றா? திரும்பி வந்துவிட்டாள்.

அப்புறம் அந்த மத்தியானம். கூண்டு மேலே வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். அவள் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். கடைசியாகத் தம்பி இறங்கினான். தரையைப் பார்த்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான். இரண்டு எட்டு வைத்தவன் நின்றான். திரும்பினான்.

"அக்கா."

முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபோர்மேனும் பார்த்தார்.

"ஏழாவது தூண்கிட்ட முளைய இடிச்சிட்டேன்." அவன் குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. "வாளி தட்டிருச்சு. வளைஞ்சு தொங்குது. தொடல. இந்தத் தடவை தொடல, அப்படியே விட்டிருக்கேன்."

"என்னப்பா அது, இந்தத் தடவை?" என்றார் ஃபோர்மேன்.

"ஒண்ணுமில்ல சார், அவன் ஏதோ..." என்று குறுக்கே விழுந்தாள். "நீ போடா. வீட்டுக்குப் போ."

"இரு அக்கா." அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நெற்றியில் ஹெல்மெட் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. "கிழக்குப் பகுதி முளையும் நான் இடிச்சதுதான் சார். அன்னைக்கு நானே எடுத்துத் திரும்பச் சொருகிட்டேன். சொல்லல. அக்கா நல்லாத்தான் போட்டிருந்துச்சு."

அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அரைச் சம்பளத்தில் உட்கார்ந்தவர்கள். திட்டுவதற்கு ஒருவன் வாயைத் திறந்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் தோளைத் தொட்டான். ஃபோர்மேன் தம்பியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆபீசுக்கு வா" என்றார். அவன் அவர் பின்னால் போனான். அவளும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நீங்க எங்கம்மா? உங்க நேரம் ஓடுது. அடுத்த ஷிஃப்ட் வந்துரும், இறங்குங்க" என்றார் ஃபோர்மேன்.

வேறு வழியில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தம்பி வாயைத் திறந்த அன்றைக்கு, அவனைத் தனியே ஆபீசுக்கு அனுப்பிவிட்டு அவள் தனியே கீழே இறங்கினாள்.

ஏழாவது தூணருகே முளை வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. உடைந்த பசைத் தூள் அதற்கு நேர் கீழே தரையில் அப்படியே கிடந்தது. சக்கரத் தடம் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. எவரும் கிட்டே வந்த அடையாளம்கூட இல்லை. அவள் வாழ்நாளில் எத்தனையோ கெட்டுப்போன முளைகளைப் பார்த்திருக்கிறாள். ஒன்றைப் பார்த்துக் கண் கலங்கியது இதுதான் முதல் தடவை.

பழைய முளையை எடுத்துவிட்டு, துளையைச் சுத்தம் செய்து, பசை வைத்துப் புதியதை இறுக்கினாள். பெட்டிக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

"ஏழாவது தூண். முளை இடிபட்டிருந்தது. புதுசு போட்டிருக்கேன்."

"சரி" வரவில்லை.

"யாரும்மா சொன்னா, இடிபட்டிருக்குன்னு?" என்றார் கூண்டுக்காரர். "அதை எவனும் சொல்ல மாட்டானே."

"என் தம்பி."

"அப்போ வாசல்ல பேசிக்கறது நிஜம்தானா." அவர் தொண்டையைக் கனைத்தார். "நானும் ரொம்ப நாளா உன்கிட்ட சரியாப் பேசல. மனசுல வச்சுக்காதே."

"அதெல்லாம் இருக்கட்டும். உங்க ஜன்னல்ல இருந்து ஆபீஸ் வாசல் தெரியும்ல? அவன் வெளிய வந்துட்டானா?"

"வந்துட்டான். கழுத்துல வண்டி ஓட்டற லைசென்ஸ் அட்டை இல்ல. பிடுங்கிட்டாங்க போல."

அவள் தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டானா?"

"போகலம்மா. கூண்டு வாசல்ல உக்காந்திருக்கான். எல்லாரும் போயாச்சு, அவன் மட்டும்தான். என்னைப் பாத்து, அக்கா எப்ப மேல வரும்னு கையால கேட்டான்." பிறகு, "கூண்டை அனுப்பவா?" என்றார்.

அவள் நிமிர்ந்து இருட்டில் அந்த முளை இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க. பசை காயணும். காஞ்சப்புறம் ஒரு அளவு எடுத்துட்டுத்தான் வரணும்."

"காயட்டும், காயட்டும்" என்றார் கூண்டுக்காரர். "அவன் இப்போதைக்கு எழுந்திரிக்கிற மாதிரி தெரியல. என்கிட்ட இன்னும் ஒரு முட்டை இருக்கு, அவனுக்குக் குடுக்கறேன்."